மெல்ல விடு

என் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று நாள் முழுக்க ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். அப்படிப்பட்டவள் தனக்கென்று ஒரே ஒரு மாத்திரை கேட்டாள். டாக்டர் கொடுக்கவில்லை.

"படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர். சும்மா உக்காந்திருக்கும்போதே கை சில்லுன்னு ஆயிடுது. குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோ, பிரசவத்துல எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஒரே நெனப்பு. லேசா ஏதாவது எழுதிக் கொடுங்களேன்."

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "குழந்தை நல்லா இருக்கு. உங்களுக்கும் எல்லாம் சரியா இருக்கு. இருக்கறது பயம்தான். அதுக்கும் மருந்து இருக்கு, தேவைப்பட்டா கண்டிப்பா தருவேன், அதுல தப்பே இல்ல. ஆனா முதல்ல மருந்தில்லாம பாத்துடலாம். மூச்சுப் பயிற்சி, உடம்ப ஒவ்வொரு இடமா தளர்த்துறது, மெல்லிசா பாட்டு, கால் பிடிச்சு விடறது. கீழ்த்தளத்துல வகுப்பு நடக்குது. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, அவரும் கத்துக்கட்டும்."

வீட்டுக்காரர் என்றதும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் போய்க் கற்றுக்கொள்வதா? சொல்லிக் கொடுப்பதுதானே என் பிழைப்பு.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அதை நான் அதிகம் மிதிப்பதில்லை, வாயே போதும். "பாத்து!" என்று ஒரு சத்தம் போட்டால் ஓட்டுகிறவர் மட்டுமில்லை, எதிரே சைக்கிளில் வருகிறவரும் காலை ஊன்றி நின்றுவிடுவார். பயிற்சிக்கு வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஹாரன்' என்று சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தப்பு நடந்த பிறகு கத்துகிறவன் வாத்தியாரே இல்லை என்பது என் கட்சி. நடப்பதற்கு முன்னால் கத்த வேண்டும். ஸ்டீயரிங்கில் கை உட்கார்ந்திருக்கிற லட்சணத்தை வைத்தே இந்த ஆள் வளைவில் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லிவிடுவேன். வீட்டிலும் அதே கதைதான். அவள் கையில் டம்ளரோடு திரும்பினால் "பாத்து!" அடுப்பில் பால் இருந்தால் "பொங்கப் போகுது!" அது பொங்கியிருக்காது. எனக்கு மனதில் ஒன்றும் கிடையாது, வாய்தான். கத்தி முடித்த மறுநிமிடம் மறந்துவிடுவேன். நான் மறந்துவிட்டால் அவளும் மறந்துவிட்டாள் என்று ஒரு கணக்கு.

வகுப்பு நடத்துகிற நர்ஸுக்கு அப்படி ஒரு குரல். கேட்டால் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். முதல் நாளே நான் அவருக்குப் பஞ்சு நர்ஸ் என்று பெயர் வைத்துவிட்டேன். தரையில் வரிசையாக மெத்தைகள். கர்ப்பிணிகள் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஆளுக்கொரு துணை. புருஷன், அம்மா, மாமியார், ஒருத்திக்குத் தோழி.

"கைய இறுக்கி மூடுங்க... இறுக்கம் எங்கெங்க தெரியுதுன்னு பாருங்க... இப்ப மெதுவா தளர்த்துங்க. தோள காதுவரைக்கும் தூக்குங்க... தளர்த்துங்க. பல்ல கடிச்சிருக்கீங்களா? தாடைய தளர்த்துங்க. பயம் வந்தா உடம்பு முதல்ல இறுகறது இந்த மூணு இடத்துலதான். தோள், தாடை, மூச்சு. துணைக்கு வந்திருக்கவங்க இத நல்லா பாத்து வச்சுக்கணும்."

பக்கத்து மெத்தையில் கட்டட மேஸ்திரி ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். "மூச்சை மெதுவா வெளிய விடுங்க" என்று பஞ்சு நர்ஸ் சொன்னதுதான் தாமதம், மனிதர் சுவரில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. என் மனைவியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அப்படிச் சிரித்தாள்.

"சிரிக்காத. மூச்ச கவனி," என்றேன்.

சட்டென்று நிறுத்திவிட்டாள்.

வகுப்பு முடிகிறபோது பஞ்சு நர்ஸ் ஒன்று சொன்னார். பிரசவ அறைக்குள் கூட ஒருவர் இருக்கலாம். "வீட்ல தினமும் யாரு இவங்களோட பயிற்சி பண்றீங்களோ அவங்களே வந்தா நல்லது. அந்தக் குரலுக்கு உடம்பு பழகிடும். வலி வர்றப்ப அந்தக் குரல் கேட்டாலே தானா தளரும். யாருன்னு கடைசி வகுப்புல சொல்லுங்க."

அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான்தான். நான் பிறந்தபோது என் அப்பா ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். யாரோ வந்து தோளைத் தட்டி "பையன்" என்று சொல்லியிருக்கிறார்கள். டம்ளரைக் காலி பண்ணிவிட்டுத்தான் வந்தாராம். நான் அப்படி இருக்கமாட்டேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்பேன் என்று அவள் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே முடிவு செய்திருந்தேன். வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு ஆசையாக இருந்த விஷயம் வேறு ஒன்றைச் சொல்ல முடியாது.

மறுநாளே வீட்டில் வகுப்பைத் தொடங்கினேன். சாயங்காலம் நான் வந்து கைகால் கழுவியதும் அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார வேண்டும். மின்விசிறி மெதுவாக. செல்போனில் புல்லாங்குழல். எல்லாம் முறைப்படி. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினேன். 'தளர்த்துங்க' என்ற சொல் எனக்கு வாயில் ஒட்டவில்லை. எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டியிடம் 'தளர்த்து' என்று பேசுகிறான்? அதனால் என் வாய்க்குப் பழகிய வார்த்தையைப் போட்டுக்கொண்டேன்.

"கைய இறுக்கு. இறுக்கு. ம், இப்ப மெல்ல விடு."

விட்டாள்.

"தோளத் தூக்கு. இப்ப மெல்ல விடு. மெல்ல, மெல்ல!"

அவளுடைய இடது கால் லேசாக மேலே எழும்பியது. கட்டை விரல் உள்பக்கம் சுருண்டது. கர்ப்பிணிகளுக்குக் கால் இழுத்துப் பிடிப்பது சகஜம்தானே என்று நினைத்தேன். "கால ஏன் தூக்கற? கால நான் சொல்லவே இல்லையே," என்றேன். கீழே வைத்துவிட்டாள்.

விரல் நுனியில் மாட்டினால் நாடித் துடிப்பைக் காட்டுகிற கருவி ஒன்று உண்டு. அவள் கடையில் விற்பதுதான். நான்தான் அக்கறையாக வாங்கிவரச் சொன்னேன். பயிற்சி என்று இருந்தால் பரீட்சை என்று ஒன்று வேண்டாமா? ஆரம்பிப்பதற்கு முன் மாட்டிவிடுவேன், முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் தலை முதல் கால் வரை ஒவ்வோர் இடமாகச் சொல்லச் சொல்ல, இறங்க வேண்டிய எண் படியேறிக்கொண்டிருந்தது. முதல் நாள் பழக்கமில்லை என்று விட்டேன். அடுத்த நாளும் ஏறியது. அதற்கடுத்த நாளும் ஏறியது. கருவி கோளாறு என்று கடையில் மாற்றிவரச் சொன்னேன். மாற்றிவந்ததும் ஏறியது. என் விரலில் மாட்டிப் பார்த்தேன், எனக்கும் ஏறித்தான் இருந்தது. நான் அப்போது கோபத்தில் இருந்தேன்.

"நீ மனசு வச்சு பண்ணல. அதான் விஷயம்."

"பண்றேங்க."

"என்னத்த பண்ற? ஒரு மூச்சு ஒழுங்கா விடத் தெரியல. ரிலாக்ஸா இரு. ரிலாக்ஸா இருன்னு சொல்றேன்ல!"

இதை நான் சொன்ன சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அவர் வீட்டில் ரிலாக்ஸாகியிருப்பார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயிற்சி சரியாக நடக்கவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்களோ என்ற ஒரே கவலைதான்.

அவளுக்கு ஓர் அக்கா. நான் ரேடியோ என்றுதான் சொல்வேன். வாயைத் திறந்தால் நிலையத்தை மூடமாட்டாள். ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரை போவதில்லை. எனக்கும் அவளுக்கும் எப்போதும் கேலிதான். "இவரு கத்துக்கொடுக்கறவரு இல்லடி, கத்திக்கொடுக்கறவரு" என்று என் தொழிலையே ஒரே எழுத்தில் கவிழ்த்தவள் அவள்தான்.

அன்று அவள் வந்திருந்தபோது நான் சமையலறையில் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைத்தால் படபடப்பு அடங்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"மூச்ச நல்லா இழுத்துக்கோ... அப்படியே வெளிய விடு... ஆங், எங்க நிறுத்தினேன்? லிப்டுக்குள்ள எங்க மேனேஜர் மாட்டிக்கிட்டாருன்னு சொன்னேன்ல, அந்த மனுஷன் உள்ளருந்து போன் பண்ணி என்ன கேக்கறாரு தெரியுமா, 'இன்னைக்கு யாரு யாரு லேட்டு'ன்னு கேக்கறாருடி! சரி சரி, தோளத் தூக்கு... தூக்கிட்டியா? இப்ப தொங்கப் போட்டுடு, நம்ம சித்தப்பா சட்டை கொடியில தொங்குமே, அந்த மாதிரி..."

இது பயிற்சியா, கூத்தா? பேசினில் வெந்நீரை எடுத்துக்கொண்டு கதவருகே வந்தேன். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். விரலில் கருவி இருந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே எண் தெரிந்தது. இறங்கியிருந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அதுதான் முதலில் வந்தது. நான் இத்தனை நாள் முறைப்படி செய்ததை இவள் மேனேஜர் கதை சொல்லியே செய்துவிட்டாளே என்று. உள்ளே போய்ப் பேசினைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

"பாத்து! சுடும்," என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். தோள் இரண்டும் ஏறின. எண்ணும் ஏறியது.

ரேடியோ என்னைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். அன்றைக்கென்று பார்த்து அவள் ஒன்றும் பேசவில்லை. நான் அதைக்கூட எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். கர்ப்பிணி சட்டென்று கண்ணைத் திறந்தால் நாடி ஏறும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு துண்டை எடுக்கப் போனேன்.

எனக்குப் புரிந்தது வேறோர் இடத்தில். காரில், வேலை நேரத்தில்.

அப்போது என்னிடம் ஒரு டீச்சர் கற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற அம்மா, ஆனால் காரில் ஏறினால் எல்கேஜி. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். கிளட்சை மிதித்து, கியரைப் போட்டு, பிறகு இடது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். சட்டென்று எடுத்தால் வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோகும்.

"கியர் போட்டாச்சா? இப்ப மெல்ல விடுங்க. மெல்ல, மெல்ல!"

டீச்சரின் இடது கால் நடுங்கிக்கொண்டே மேலே எழும்பியது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் ஓட்டுவார். கட்டை விரல் உள்பக்கம் சுருண்டிருந்தது.

வண்டி குதித்து நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் நான் கூரை அதிரக் கத்துவேன். அன்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பஞ்சு நர்ஸ் சொல்லிக்கொடுத்த வரிசையில் கண் தானாக மேலே போனது. டீச்சரின் தோள் காதுவரைக்கும் ஏறியிருந்தது. தாடை இறுகியிருந்தது. மூச்சு நின்றிருந்தது. இத்தனை வருஷமாக என் பக்கத்தில் எத்தனையோ பேர் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள். நான் பார்த்ததெல்லாம் அவர்கள் கையையும் சாலையையும்தான்.

"சாரி சார், சாரி சார்," என்றார் டீச்சர்.

"நான் இன்னும் கத்தவே இல்லையே டீச்சர்."

"நீங்க கத்தறதுக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுடுது சார்."

வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான் ஜன்னல் வழியே கையை நீட்டி, தாண்டிப் போகச் சொல்லிக் காட்டினேன்.

என் மனைவியும் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவள்தான், போன வருஷம். சில நாள் வந்தாள். அப்புறம் "கால் வலிக்குதுங்க, எனக்கு இது வேண்டாம்" என்று விட்டுவிட்டாள். அவளுக்குப் பொறுமை போதாது என்று நான் உறவுக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். இப்போது வயிற்றில் என் பிள்ளையைச் சுமந்துகொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிறவளிடம், பயத்தைப் போக்குகிறேன் பேர்வழி என்று, அதே ரெண்டு வார்த்தையை அதே தொனியில் தினமும் சாயங்காலம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கட்டிலில் கிளட்ச் இல்லை. ஆனால் அவள் காலுக்கு அது தெரியவில்லை.

வண்டியை ஓரம்கட்டச் சொல்லி டீச்சரை இறக்கிவிட்டேன். ஸ்டீயரிங் முன்னால் போய் உட்கார்ந்தவன் கிளம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. கைக்குட்டை இல்லாததால் கண்ணாடி துடைக்கிற துணியில் துடைத்துக்கொண்டேன். அது மோட்டார் எண்ணெய் நாறியது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும்போதே தீர்மானம் பண்ணியிருந்தேன். இனி குரலை உயர்த்துவதில்லை. அவள் கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டேன்.

"என்னம்மா... இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள். முகம் வெளிறிவிட்டது.

"என்னங்க ஆச்சு? யாருக்கு என்ன? அக்காவுக்கு ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் கேட்டேன்."

"உண்மைய சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க."

அவளுடைய அப்பா இறந்த செய்தியைத்தான் கடைசியாக நான் இந்தக் குரலில் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் என் மெல்லிய குரலுக்கு வேறு உபயோகமே இருந்ததில்லை. கத்தினாலும் பயம், மெதுவாகப் பேசினால் அதைவிடப் பயம். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு இடிக்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் சொல்லி அவளை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில் நேராகவே கேட்டேன். "என்னைப் பாத்தா உனக்குப் பயமா இருக்கா?"

பதில் சொல்வதற்கு முன் அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் என் புருவம், என் உதடு, என் தாடை எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டாள். என்னிடம் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள் 'இது சரியா' என்று பார்ப்பார்களே, அதே பார்வை.

"சேச்சே, உங்களைப் பாத்து எனக்கு என்னங்க பயம்?" என்றாள். சரியான விடையைச் சொல்லிவிட்ட முகம்.

அன்றிலிருந்து பயிற்சியை நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். எனக்கு வேலை அதிகம், வர நேரமாகிறது என்று ஒரு பொய் சொல்லி, ரேடியோவைப் போனில் சொல்லச் சொன்னேன். தினமும் சாயங்காலம் போனைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு என் மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை அமுக்கிவிடுவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் கை நன்றாகவே வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் நன்றாகத் தூங்கக்கூட ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கம் போனது.

ஒருநாள் அக்கா போனை வைத்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. நான் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது பேசினாள்.

"நீங்க சத்தம் போடறப்ப உள்ள ஒரு துள்ளு துள்ளுதுங்க. எனக்குப் பழகிடுச்சு, அதுக்குப் பழகலல்ல. நான் பயந்தா அதுக்கும் பயமா இருக்குமோன்னு... அது வேற எனக்குப் பயமா இருக்கும்."

என் கை நின்றது. உடனே அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சும்மா சொன்னேங்க. எல்லா குழந்தையும் துள்ளும்தான். டாக்டரே சொன்னாங்க."

மன்னிச்சுடு என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் எந்தக் குரலில் சொல்வது? மெதுவாகச் சொன்னால் யார் செத்தார்கள் என்று கேட்பாள். மறுபடியும் அமுக்க ஆரம்பித்தேன். அவள் பாதம் கொஞ்ச நேரம் இறுகியே இருந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் பிரசவ அறை ஆசையை மட்டும் என்னால் கைகழுவ முடியவில்லை. பேசாமல் நிற்கலாமே என்று நினைத்தேன். சுவரோரமாக நிற்கிறேன், கையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், வாயே திறக்கமாட்டேன். அவளுக்கு வலி வரும், கத்துவாள், அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் பதறும், அப்போதும் நான் வாயைத் திறக்கமாட்டேனா? டாக்டர் கை கொஞ்சம் அப்படி இப்படிப் போனால் "பாத்து!" என்று கத்தமாட்டேனா? என்னை எனக்குத் தெரியும். இருந்தாலும் நம்பிக்கொண்டேன். குழந்தையை முதலில் பார்க்கிற ஆள் நானாக இருக்க வேண்டும் என்ற ஆசை அப்படி நம்பவைத்தது.

கடைசி வகுப்புக்கு ரேடியோவும் கூட வந்திருந்தாள். தங்கையின் பையைத் தூக்கிக்கொண்டு, படி இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் மருமகள் கதை. மேஸ்திரி இந்த முறை மனைவிக்கு முன்பே மெத்தையில் சாய்ந்துவிட்டார். மூச்சுப் பயிற்சியால் முழுப் பலன் அடைந்த ஒரே ஆள் அவர்தான் என்று ரேடியோ என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயிற்சி எல்லாம் முடிந்து, பஞ்சு நர்ஸ் ஒவ்வொரு மெத்தையாக வந்தார். எங்கள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா?"

"இப்ப பரவால்ல சிஸ்டர்."

"நல்லது. அப்ப உள்ள உங்க கூட யாரு வர்றாங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவளே சொல்லட்டும் என்றிருந்தேன். நியாயம் என்று நினைத்துத்தான் அப்படி இருந்தேன். ஆனால் அவள் நர்ஸைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தோள் மேலே போனது. தாடை இறுகியது. மூச்சு நின்றது. விடை என்னவென்று என் முகத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்தும்விட்டாள். "இவரு..." என்று அவள் உதடு ஆரம்பிப்பது எனக்குத் தெரிந்தது.

"அவங்க அக்கா," என்றேன்.

சாதாரணக் குரலில்தான் வந்தது. கத்தலும் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை. அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"அவங்க அக்காதான் உள்ள வருவாங்க சிஸ்டர். நான் வெளிய இருக்கேன்."

ரேடியோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மனைவி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் ஏதாவது கோபம் இருக்கிறதா என்று தேடினாள். நான் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். சரிதான், போ என்கிற மாதிரி.

அவள் மூச்சு விட்டாள். அப்படி ஒரு நீளமான மூச்சை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. வந்துகொண்டே இருந்தது. தோள் இரண்டும் காதுக்கு அருகிலிருந்து இறங்கிக் கீழே வந்தன. தாடை இளகியது. வயிற்றின் மேல் இறுகிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. இத்தனை வாரமாக நான் உத்தரவு போட்டு உத்தரவு போட்டு நடக்காததெல்லாம் ஒரு வரிசை பிசகாமல் என் கண் முன்னால் நடந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு நிம்மதி.

மணிக்கட்டைப் பிடித்திருந்த பஞ்சு நர்ஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதத்தான், இதத்தான் நான் முதல் நாள்லேருந்து சொல்றேன்! எவ்வளவு அழகா தளர்த்துறாங்க பாருங்க. பிரசவத்தப்ப இப்படி ஒரு மூச்சு வந்தா போதும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வீட்ல நல்லா பழக்கியிருக்கீங்க சார்."

"ஆமாங்க," என்றேன். "நான்தான் பழக்கினேன்."